பிரபாலினியும் சூப்பர் லீக்கும்

என் மச்சாள் பிரபாலினியைக் கூட்டங்களுக்கு அழைப்பதில்லை என்று புன்னைமுனை விளையாட்டுக் கழகம் இரண்டு தடவை தீர்மானம் எடுத்திருக்கிறது. இரண்டையும் திருத்தி எழுதிக் கொடுத்தவள் அவள்தான். எங்கள் செயலாளருக்குத் தமிழிலும் எழுத்துப்பிழை, ஜெர்மனிலும் எழுத்துப்பிழை. திருத்திக் கொடுத்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து முன்கதிரையில் இருப்பாள். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை, ஏனென்றால் தேத்தண்ணீரும் அவள்தான் கொண்டு வருவாள்.

அவள் என் கணவர் விஜிதரனின் தங்கை. சின்ன வயதில் சுவிஸுக்கு வந்தவள். லாங்கன்தாலில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. அங்கே கிழவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, அவர்களோடு சீட்டாடி வேண்டுமென்றே தோற்றுவிட்டு வருவாள். வென்றால்தான் அவர்கள் மருந்து குடிப்பார்களாம். பிறகு என் குசினிக்குள் கால் நீட்டி இருந்துகொண்டு உலகத்தைத் திருத்துவாள். கலியாணம் கட்டிப் பிரிந்தவள். அதைப் பற்றி யாராவது துருவினால், "அந்த மச் முடிஞ்சுது, இப்ப ஸ்கோரைக் கேட்டு என்ன செய்யப்போறியள்" என்பாள்.

அவளைப் பற்றி நான் எழுதத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. சூப்பர் லீக் கதையை இப்போது ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். கழகத் தலைவர் குகதாசன் அண்ணையின் வாயால் கேட்டால் எல்லாம் அவருடைய மூளை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது ஊர்ப் பெயரில் நடக்கும் கழகம். புன்னைமுனை ஒரு சின்னக் கடலோர ஊர். லாங்கன்தாலில் கொஞ்சக் குடும்பங்கள் இருக்கிறோம், மிச்சச் சனமெல்லாம் லண்டனிலும் பாரிஸிலும். எங்கள் ஆண்கள் உதைபந்து விளையாடுவார்கள். சரியாகச் சொன்னால், மற்றவர்கள் விளையாட இவர்கள் பக்கத்தில் நின்று ஒத்தாசை செய்வார்கள். என் கணவர் பந்துக்காப்பாளர். பந்துக்கு வழிவிடுவதில் அவரைப் போல மரியாதை தெரிந்த மனிதர் இல்லை. அப்போது மிட்டல்லாந்துத் தமிழ் லீக் என்று ஒன்று இருந்தது. பேர்ண், ஓஸ்டர்முண்டிகன், பூர்க்டோர்ஃப், ஓல்டன், சோலத்தூர்ண், நாங்கள். எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். கறியை இறக்கி வைத்துவிட்டுப் போய், தோற்று முடித்து, கறி ஆறுவதற்குள் வீடு திரும்பலாம்.

அந்தப் போட்டிகளில் பெண் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விளையாட்டுத்தான் இருந்தது. ரோல்ஸ் விற்பது. ஒரு நாள் ரோல்ஸ் எல்லாம் விற்று முடிந்து பிள்ளைகள் கைபேசியும் கையுமாகக் குந்தியிருக்க, பிரபாலினி கூடாரத்துக் கயிற்றை அவிழ்த்து இரண்டு மரத்துக்கு இடையில் கட்டினாள். "எழும்புங்கோ, கரப்பந்து அடிப்பம்" என்றாள். கூடாரம் சரிந்து குகதாசன் அண்ணையின் தலையில் விழுந்தது. அணி பிறந்தது அப்படித்தான்.

என் மகள் அக்‌ஷயா அந்த அணியின் தலைவி. பதினாறு வயது. வீட்டில் ஒரு கோப்பை கழுவச் சொன்னால் முதுகு நோகிற பிள்ளை, பந்துக்காகத் தரையில் விழுந்து புரளுவாள். பதினொரு பிள்ளைகள் சேர்ந்தார்கள். சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துத் துர்ன்ஹாலே, அதுதான் உடற்பயிற்சி மண்டபம், எங்களுக்குக் கிடைத்தது. பயிற்சி முடிந்து, அங்கேயே சாப்பிட்டு, பின்னேரம் தமிழ்ப் பள்ளிக்குப் போவார்கள். தமிழ்ப் பள்ளிக்கு வயிற்றுவலி சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் அதோடு நின்றது. பிரபாலினி அந்தப் பிள்ளைகளைத் திட்டுவதையும் கொஞ்சுவதையும் ஒரே மூச்சில் செய்வாள். அந்த அணியைத் தவிர அவளுக்கென்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை, இருக்க வேண்டும் என்றும் அவள் நினைக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் வின்டர்தூரிலிருந்து சயன் வந்தான்.

முப்பது வயது, இங்கேயே பிறந்த பிள்ளை, நல்ல சப்பாத்து. எதைச் சொன்னாலும் ஜெர்மன்காரர் மாதிரி 'அல்ஸோ' என்று தொடங்குவான். அவனும் அவன் கூட்டாளிகளும் சுவிஸ் தமிழ் சூப்பர் லீக் தொடங்குகிறார்களாம். எல்லாப் போட்டியும் இணையத்தில் நேரலை. நகைக்கடை, விமானச் சீட்டு, காசு அனுப்புகிற கடை என்று விளம்பரக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்களாம். வருகிற காசில் கழகங்களுக்குப் பங்கு. அவன் சொன்ன தொகைக்கு நாங்கள் ரோல்ஸ் விற்பதென்றால் லாங்கன்தால் முழுவதும் மூன்று வேளையும் ரோல்ஸே சாப்பிட வேண்டும்.

 கூட்டத்தில் எல்லோரும் ஒன்றாகக் கதைத்தார்கள். என் கணவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். பணமென்றால் பிணமும் வாய் திறக்கும் என்பார்கள், எங்கள் ஆட்கள் உயிரோடு இருந்தவர்கள் வேறு.

"தம்பி, ஒண்டு கேக்கட்டோ" என்றாள் பிரபாலினி. "போன வருசம் நாங்கள் கடைசி. அதுக்கு முதல் வருசமும் கடைசி. முதலாவதா வந்தது ஓஸ்டர்முண்டிகன். அவையைக் கேக்காமல் ஏன் எங்களைக் கேக்கிறியள்?"

சயன் தண்ணீர் குடித்தான். "அல்ஸோ, அக்கா, உங்கட கழகத்தில பொட்டென்சியல் இருக்கு."

"எங்க இருக்கு? நான் காணேல்லை."

"பிரபாலினி, சும்மா இரும்" என்றார் குகதாசன் அண்ணை. "காத்துள்ள போதே தூத்த வேணும்."

"தூத்துங்கோ அண்ணை. எது நெல்லு எது பதர் எண்டு முதல் பாத்திட்டுத் தூத்துங்கோ."

ஒப்பந்தத்தை அவள்தான் வாசித்துப் பார்த்தாள். சேர்ந்தால் கழகம் முழுவதும் சேர வேண்டும், பெண்கள் அணியும் உட்பட. பெண்களும் விளையாடுகிறார்கள் என்று விளம்பரக்காரருக்குக் காட்ட வேண்டுமாம். போட்டிகள் ஜெனீவா, லுகானோ, கூர், சங்க் காலன் என்று நாட்டின் நாலு மூலையிலும். ஆட்கள் பார்க்கிற மத்தியான நேரம் ஆண்களுக்கு, காலை ஒன்பது மணி பெண்களுக்கு.

"ஒன்பது மணிக்கு லுகானோவில நிக்கிறதெண்டா பிள்ளையள் எத்தினை மணிக்கு எழும்ப வேணும்?" என்று கேட்டாள். "தாய்மாரில பாதிப் பேருக்குச் சனிக்கிழமை வேலை. ஆர் கூட்டிக்கொண்டு போறது? தமிழ்ப் பள்ளி என்ன செய்யிறது? உந்த அணி ஒரு வருசம் தாங்காது."

"காசு வந்தா எல்லாம் சரிவரும்" என்றார் குகதாசன் அண்ணை. வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்து இரண்டு கைகள். ஒன்று அவளுடையது, மற்றது என்னுடையது. என் கணவர் என்னைப் பார்க்காமல் கை உயர்த்தினார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் அவருக்கு முதல் நாள் பாண் துண்டை வைத்தேன்.

அதன் பிறகு எங்கள் ஆண்களுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பங்கில் கோட்டுத் தைத்தார்கள். கடும் நீலம், நெஞ்சில் புன்னைப்பூ. பந்து உதைக்கப் போகிறவர்களுக்குக் கோட்டு எதற்கு என்று கேட்டால், 'அரைவல்' என்று ஒன்று இருக்கிறதாம், வாகனத்தால் இறங்கி மைதானத்துக்குள் நடந்து போவதைக் கமரா பிடிக்குமாம். கழக வானின் கதவைத் திறந்து, இறங்கி, நடந்து, பிறகு மறுபடி ஏறி, இறங்கி, என்று குகதாசன் அண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பயிற்சி கொடுத்தார். பந்தைத் தொடவில்லை. நாங்கள் வேலியோரம் நின்று சிரித்த சிரிப்பில் எனக்கு விலா நொந்தது.

லுகானோவுக்குப் போன நாள் மட்டும் சிரிப்பு வரவில்லை. முதல் ரயில். பதினொரு பேரில் ஆறு பேர்தான் வந்தார்கள். ஆறு பேர் என்றால் கரப்பந்துக்கு மட்டுமட்டு, மாற்றுக்கு ஆள் இல்லை. கொத்தார்ட் சுரங்கத்துக்குள் ஆறும் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து நித்திரை. பிரபாலினி முதல் நாள் பின்னேர வேலை முடித்து வந்தவள், அவள் மட்டும் கண்ணை மூடவில்லை. பிள்ளைகள் விளையாடும்போது கமராக்காரப் பொடியன் கோப்பி குடிக்கப் போய்விட்டான். ஒரு சுற்றும் எடுக்காமல் தோற்றார்கள். மத்தியானம் கோட்டுப் போட்ட எங்கள் ஆண்கள் கமராவுக்கு முன்னால் அழகாக நடந்து வந்து எட்டுக் கோல் வாங்கினார்கள்.

வரும் வழியில் கிருசிகா என்ற பிள்ளை, "பிரபாலினி அன்ரி, அம்மா இனி விடமாட்டா" என்றது. பிரபாலினி அதன் தலையைத் தடவி, "பரவாயில்லை குஞ்சு" என்றாள். வீடு வந்து என் குசினிக் கதிரையில் இருந்து அழுதாள். "ஆறில ஒண்டு போனா அணி இல்லை மச்சாள். நான் ரோல்ஸ் கடையில இருந்து இழுத்துக்கொண்டு வந்த பிள்ளையள். திரும்ப அங்கேயே விடப்போறன்." எனக்கும் அழுகை வந்தது. எனக்குப் புருசன் மேல் கோபமும் சேர்ந்து வந்தது.

அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து என் கணவரின் சித்தி தொலைபேசி எடுத்தா. லுகானோப் போட்டி பார்த்தாவாம்.

"எட்டுக் கோல் விட்டதையும் பாத்தீங்களோ சித்தி?" என்றேன்.

"கோலோ? அதை ஆர் பிள்ளை பாத்தது. உங்களைச் சனத்துக்குள்ள தேடினன், காணேல்லை. குகதாசன் மூண்டு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டதைக் கண்டன். அவனுக்குச் சீனி வருத்தம் எண்டெல்லோ மனுசி சொன்னவள். கமரா அந்தப் பக்கம் வரேக்க இங்க எல்லாரும் ஒரே சிரிப்பு."

பிரபாலினி கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியில் அந்த நேரலையைத் திறந்தாள். பார்த்தவர்கள் தொகையைக் கண்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மற்ற எந்தக் கழகத்தின் போட்டிக்கும் அதில் பாதிகூட இல்லை. கீழே வந்து குவிந்திருந்த கருத்துகளை அவள் வாசிக்க வாசிக்க எனக்கு வாய் மூடவில்லை. 'அந்தச் சிவப்புச் சேட்டு சிவபாதத்தாரின் மருமகனோ?' 'விஜிதரனுக்குத் தலைமயிர் எங்கே போனது?' 'குடை பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்குக் கலியாணம் பேசியாகிவிட்டதா?' 'கமராவைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள், என் பெரியம்மாவின் மகள் நிற்கிறாள்.' பந்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பிரபாலினி கதிரையை விட்டு எழுந்தாள். "மச்சாள், எனக்கு விளங்கிட்டுது. ஓஸ்டர்முண்டிகன்காரர் பலவிடத்துச் சனம், அவைக்குப் பின்னால ஒரு ஊர் இல்லை. எங்களுக்கு லண்டனும் பாரிஸும் இருக்கு. சயன் தம்பி எங்கட உதைபந்தை வாங்கேல்லை. எங்கட சொந்தக்காரரின்ர கண்ணை வாங்கினவர். அந்தக் கண் பாக்கிறது எங்களை, உந்தக் கோட்டுக்காரரை இல்லை."

அடுத்த போட்டி கூரில். பிரபாலினி வீடு வீடாகப் போனாள். பெண்கள் ஒருவரும் போகக் கூடாது, பிள்ளைகளும் போகக் கூடாது, ரோல்ஸும் இல்லை. "எங்கட பெண்டுகளுக்கு ஒண்டு செய்யாதேங்கோ எண்டா மட்டும் விளங்காது" என்று நான் பயந்தேன். ஆனால் சனிக்கிழமை ஒரு நாள் சமைக்காமல் இருக்கலாம் என்றதும் எல்லோருக்கும் நன்றாக விளங்கிவிட்டது. பெண்கள் அணி அந்தக் கிழமை சுகமில்லை என்று விலகிக்கொண்டது.

கூரில் நேரலை தொடங்கியது. மலை இருந்தது, புல் இருந்தது, நீலக் கோட்டில் பதினொரு பேர் இறங்கி நடந்தார்கள். பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பாரிஸிலிருந்து ஒருவர் எழுதினார்: 'சனம் இல்லாத இடத்தில் என்னத்தைப் பார்க்கிறது?' பார்ப்பவர்கள் மளமளவென்று கழன்றார்கள்.

அதே நேரம் லாங்கன்தால் துர்ன்ஹாலேயில் பயிற்சி. பதினொரு பிள்ளைகளும் வந்திருந்தார்கள், தாய்மாரும் மாமிமாரும் சுவரோரம் முழுக்க. பிரபாலினி தன் கைபேசியை ஒரு மர வாங்கில் நிறுத்தி வைத்து நேரலையைத் திறந்தாள். வர்ணனையும் அவளே.

"இப்ப பந்து போடுறது கிருசிகா. சிவபாதத்தாரின்ர பேத்தி, தகப்பன் ஓல்டனில வேலை. பந்து வெளியில. தாய் மாதிரித்தான், எறியிறது ஒண்டும் உள்ளுக்கு விழாது. தாய் அங்க இருந்து முறைக்கிறா, எல்லாரும் பாருங்கோ. அடுத்தது என்ர மருமகள் அக்‌ஷயா. நல்ல அடி. உது எங்கட பக்கத்து ரத்தம், தகப்பன்ர பக்கம் எண்டு சொல்லமாட்டன், தகப்பன் கூரில நாலாவது கோல் விட்டிட்டு நிக்கிறார்."

ஹாலே முழுவதும் சிரிப்பு. சித்தி லண்டனிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு வைத்துப் பார்த்தாவாம். ஒரு மணித்தியாலத்துக்குள் கூர் மைதானத்தைப் பார்த்தவர்களைவிட எங்களைப் பார்த்தவர்கள் பல மடங்கு. யாரோ ஒரு புண்ணியவான் இடையில், 'அடுத்த சனிக்கிழமையும் உண்டா?' என்று கேட்டிருந்தார். பிள்ளைகள் அதை வாசித்துவிட்டுத் துள்ளிய துள்ளலில் தரை அதிர்ந்தது.

திங்கட்கிழமை சயன் என் குசினியில் இருந்தான். பிரபாலினி அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள், சீனி போடவில்லை.

"அல்ஸோ, அக்கா, நீங்கள் செய்தது சரியில்லை. ஸ்பொன்சர்மார் கோவிக்கினம்."

"தம்பி, பயிற்சியைப் படம் பிடிக்கக் கூடாது எண்டு ஒப்பந்தத்தில இல்லை. நான் வாசிச்சனான், நீங்களும் ஒருக்கா வாசியுங்கோ."

அவன் சிரித்துவிட்டான். கெட்ட பிள்ளை இல்லை, கணக்குத் தெரிந்த பிள்ளை. "சரி, உங்களுக்கு என்ன வேணும்?"

"பெண்பிள்ளையளின்ர போட்டி எல்லாம் எங்கட ஹாலில, எங்கட நேரத்தில. மற்ற அணியள் இங்க வரட்டும். கமராவும் இங்க வரட்டும். ஆம்பிளையள் எங்க வேணுமெண்டாலும் போய்த் தோக்கட்டும்."

கணக்குத் தெரிந்தவன் யோசிக்கவே இல்லை. அந்த இடத்திலேயே சம்மதித்தான். அவன் படியிறங்கிப் போனதும் பிரபாலினி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குசினிக்குள் சுற்றினாள், அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடித்தது. நாங்கள் வென்றுவிட்டோம் என்று நினைத்தோம். குகதாசன் அண்ணை அன்றைக்கே, "நான்தான் பிரபாலினியை அனுப்பிக் கதைக்க வைச்சனான்" என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

முதல் போட்டி லுகானோவோடு. ஹாலேயில் தோரணம் கட்டினோம். சயனின் பெரிய கமரா வந்து மூலையில் நின்றது. நேரலை தொடங்கிவிட்டது, லண்டன் வந்துவிட்டது, பாரிஸ் வந்துவிட்டது, நகைக்கடை விளம்பரம் ஒரு தரம் போய்விட்டது. பிரபாலினி புதுச் சேலை உடுத்து, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றாள்.

லுகானோப் பிள்ளைகள் வந்தார்கள். ஆறு பேர். பயிற்றுநர் தக்ஷிகா என்ற இளம்பெண், தோளில் இரண்டு பேரின் பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மன்னிக்கோணும் அக்கா, மற்றவைக்கு வர ஏலாமப் போச்சு. தாய்மாருக்கு வேலை" என்றாள். பிள்ளைகள் வணக்கம் சொன்னார்கள். சப்பாத்து மாற்றக் குனிந்த ஒரு பிள்ளை, சுவரோரம் கிடந்த நீல மெத்தையில் அப்படியே சரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க ஆறு பேரும் நித்திரையாகிவிட்டார்கள். ஒரு பிள்ளையின் காலில் ஒரு சப்பாத்துத்தான் இருந்தது.

பிரபாலினி அந்த மெத்தையையே பார்த்தாள். அவளுடைய முகத்தில் இருந்த பூரிப்பெல்லாம் வடிந்து போவதை நான் கண்டேன்.

"மச்சாள்" என்றாள். "எங்கட பிள்ளையளுக்கு அவங்கள் செய்ததை நான் இதுகளுக்குச் செய்திருக்கிறன். எங்கட ஹால், எங்கட நேரம் எண்டு துள்ளினன். லுகானோவில இருந்து வாற பிள்ளை எத்தினை மணிக்கு எழும்பும் எண்டு நான் யோசிக்கேல்லை. எனக்கு, மச்சாள், எனக்கு அது தெரியாமலோ?"

 கூட நின்று துள்ளியவள் நான்தானே. வெட்கமாக இருந்தது.

அக்‌ஷயா வந்து, "மாமி, நடுவர் கேக்கிறார், துவங்கட்டாம்" என்றாள். பிரபாலினி தன் பின்னல் மேற்சட்டையைக் கழற்றி, ஒற்றைச் சப்பாத்துப் பிள்ளைக்குப் போர்த்தாள். அதைப் பார்த்து எங்கள் தாய்மார் ஒவ்வொருவராக எழும்பித் தங்கள் ஜாக்கெட்டுகளைக் கொண்டுவந்தார்கள். எங்கள் பிள்ளைகள் வலையடியில் தரையில் வட்டமாக இருந்துகொண்டு இடியப்பம் சாப்பிடத் தொடங்கினார்கள். தக்ஷிகாவும் அவர்களோடு இருந்து சாப்பிட்டாள்.

கமரா ஓடிக்கொண்டே இருந்தது. பந்தும் இல்லை, வர்ணனையும் இல்லை. மெத்தையில் ஆறு பிள்ளைகள் மட்டும் நித்திரை. நான் கைபேசியைப் பார்த்தேன். பார்ப்பவர்கள் குறையவில்லை, ஏறினார்கள். 'பச்சை ஜாக்கெட்டுக்குக் கீழே படுத்திருக்கிறது யாருடைய பிள்ளை?' என்று ஈஸ்ட் ஹாமில் இருந்து ஒருவர் கேட்டார். 'பாவம், எங்கே இருந்து வந்ததுகள்?' என்று பாரிஸ் கேட்டது. 'எழுப்பாதீர்கள்' என்று சித்தி எழுதியிருந்தா.

பிரபாலினியின் கைபேசி அடித்தது. சயன். அவள் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"அல்ஸோ, அக்கா, என்ன நடக்குது அங்க? துவங்கிற நேரம் தாண்டிட்டுது. நகைக்கடைக்காரர் எனக்கு எடுத்தபடி நிக்கிறார். மச் எப்ப துவங்கும் எண்டு கேக்கிறார், நான் என்ன சொல்லட்டும்?"

பிரபாலினி மெத்தைக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள்.

"பிள்ளையள் நித்திரையால எழும்பேக்க எண்டு சொல்லுங்கோ."